பாரிஸுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர்

சைக்கிள் மீட்டரில் 7,980 என்று நின்ற சனிக்கிழமை மாலை, ரீட்டா ஃபயாஸின் சைக்கிள் கடைக்கு வந்து இறங்கினாள். இரண்டு நாளாகவே எண்கள் மங்கிக்கொண்டு வந்தன. இன்னும் இருபது கிலோமீட்டர்தான். அதற்குள் மீட்டர் கண்ணை மூடிவிடக் கூடாது.

மீட்டர் அவள் தோழி இனேஸுடையது. பள்ளிக்கூடக் காலத்தில் நெரவியிலிருந்து காரைக்காலுக்கு இருவரும் ஒரே சைக்கிளில்தான் போவார்கள். காலையில் ஒருத்தி மிதித்தால் மாலையில் மற்றவள். மாலையில் கடற்காற்று எதிர்த்து அடிக்கும். அந்த முறை எப்படியோ ரீட்டா தலையிலேயே வந்து விழும். இனேஸ் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி பாரிஸுக்குப் போய்விட்டாள். நாலு வருஷத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது, தன் பாரிஸ் சைக்கிளில் இருந்த மீட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து ரீட்டாவின் சைக்கிளில் மாட்டினாள்.

"இங்கேர்ந்து பாரிஸுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர்டி. நீ அவ்வளவு ஓட்டி முடி, நான் மறுபடி வந்து நிக்கிறேன்."

ரீட்டா ஓட்டினாள். தினமும் வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டினத்துக் கடற்கரை வரை, வாய்க்கால் கரை மண்பாதையில். கருவேல முள்ளில் சிக்கி அறுந்துபோக இந்த மீட்டருக்கு வயர் கிடையாது. சக்கரத்துக் கம்பியில் ஒரு சின்னக் காந்தம். அது முன் ஃபோர்க்கில் இருக்கும் பெட்டியைக் கடக்கும்போதெல்லாம், ஹேண்டில்பாரில் இருக்கும் மீட்டருக்கு 'ஒரு சுற்று' என்று வானொலிபோலச் செய்தி போகும். காலையில் பதினாறு காட்டும் வேகம், மாலையில் எதிர்காற்றில் பன்னிரண்டுக்கு இறங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் கேரியரில் இனேஸ் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

"பேட்டரியக் கழட்டுனா எல்லாம் அழிஞ்சிடும்க்கா. எழுதி வச்சிக்கிட்டு, அப்புறம் கையால போட்டுக்கலாம்" என்ற ஃபயாஸ், பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "சக்கர அளவு 2136ன்னு கெடக்கு. இது பெரிய சக்கரத்துக்குள்ளதாச்சே!"

டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, தரையில் ஒரு சுற்று உருட்டி, டேப்பால் அளந்தான். 2040 மில்லிமீட்டர்.

மீட்டருக்குத் தூரம் தெரியாது. சுற்றுகளை எண்ணி, நாம் சொன்ன சக்கர அளவால் பெருக்கும், அவ்வளவுதான். இனேஸ் தன் பாரிஸ் சைக்கிளின் அளவை மாற்றாமலே மாட்டிவிட்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் 96 மில்லிமீட்டர் கூடுதல். ஃபயாஸ் செல்போனில் கணக்குப் போட்டான். உண்மையில் ஓடியது 7,621.

"யாருக்குக்கா தெரியப் போவுது? பழைய நம்பரையே போட்டுடவா?"

நாலு வருஷமாக ஏதாவது சாக்குச் சொல்லி வராமலே இருந்தவள் இனேஸ். இது இன்னொரு சாக்காகிவிட்டால்? ரீட்டா டயரில் இருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள். பிறகு இனேஸுக்கே போன் போட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள்.



"இன்னும் எவ்வளவுடி இருக்கு?" என்று கேட்டாள் இனேஸ்.

"முந்நூத்தி எழுபத்தொம்பது."

"அத நீ தனியா ஓட்டித் தொலைச்சிடாத. எனக்கு வை. டிசம்பருக்கு இன்னிக்கே டிக்கெட் போடறேன்."

"வேலைக்கு எதுலடி போவேன்? நடந்தா?"

"மீட்டரக் கழட்டி வச்சிட்டு ஓட்டுடி, மக்கு!"

ஃபயாஸ் புது பேட்டரி போட்டு, 2040 என்றும் 7621 என்றும் அமுக்கினான். ரீட்டா மீட்டரைத் திருகிக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

"பைக்குள்ள வச்சாலும் எண்ணிக்கிட்டேதான் இருக்கும்க்கா" என்று சிரித்தான் ஃபயாஸ். "வயர் இல்லாத சமாச்சாரம்ல."

"அப்ப காந்தத்தக் கழட்டு தம்பி."

காந்தத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, மீட்டரை மறுபடி அதன் இடத்திலேயே மாட்டினாள். அது வேகத்தைச் சைபர் என்றே காட்டிக்கொண்டிருக்க, ரீட்டா நெரவி வரை மிதித்துப் போனாள்.