பன்னிரண்டு பேருக்கு ஒரு தொலைபேசி

பெயிண்ட் கம்பெனியை மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது. கேட்டில் தொங்கிய பூட்டும் துருப்பிடித்துவிட்டது. ஆனால் கம்பெனியின் தொலைபேசி எண் மட்டும் உயிரோடு இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. எங்கே போய் வேலை கேட்டாலும் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும்: முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கத் தொலைபேசி எண். அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை என்றால் விண்ணப்பம் நேராகக் குப்பைக்கூடைக்குப் போகும். ஊரில் பாதிக் கம்பெனிகள் கதவை இழுத்துச் சாத்திவிட்ட நேரத்தில் எடுக்க ஆளுக்கு எங்கே போவது? கம்பெனியில் பதினெட்டு வருடம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்ட ஆபரேட்டர் அக்கா முதலாளியிடம் கேட்டு அந்த எண்ணைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டாள். வேலை போனவர்களில் ஒருவரோடொருவர் தொடர்பில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்தார்கள். ஒரு பழைய செல்போனும் ஒரு நோட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும். நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம்: சேர்ந்த தேதி, பார்த்த வேலை, எடுத்த விடுப்பு. விதிகள் இரண்டுதான். உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும். தன்னைப் பற்றித் தானே சொல்லக் கூடாது.

"ஒரு தடவை பொய் சொல்லி மாட்டினா போதும், நம்பர் செத்துடும்" என்று அக்கா சொல்லியிருந்தாள். "அப்புறம் பன்னெண்டு பேரும் தலையில துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான்."

அந்த வியாழக்கிழமை லேபிளின் முறை. கம்பெனியில் அவளுக்கு அதுதான் பெயர். ஸ்டோரில் பதினோரு வருடம் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டியவள். பழக்கதோஷத்தில் தன் குடைக்கும் ஒன்று ஒட்டி வைத்திருந்தாள். இப்போது அவளுக்கு வேலை மூன்று. காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை பல் மருத்துவமனையில் தரை துடைப்பது. ஒன்பதரையிலிருந்து இரண்டரை வரை சலவைக் கடையில் துணிகளுக்கு எண் கட்டுவது. நாலரையிலிருந்து ஏழரை வரை பார்சல் கூடத்தில் பெட்டி கட்டுவது. இடைப்பட்ட நேரம் பேருந்துக்கும் விண்ணப்பங்களுக்கும்.

"நம்ம வீட்டுக்கு வர்ற விருந்தாளிகூட உன்னைவிடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போவாங்க" என்றான் கணவன், அன்று விடியற்காலையில் அவள் நின்றபடியே தேநீர் குடிப்பதைப் பார்த்து. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவனுக்கும் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆக்கிவிட்டார்கள்.

"உட்கார்ந்தா எந்திரிக்க மனசு வராதுங்க."

"மருந்துக் கிடங்குலேர்ந்து இன்னிக்குத்தானே சொல்றதா சொன்னாங்க?"

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. கிடங்குப் பொறுப்பாளர் வேலைக்குத் திங்கட்கிழமை நேர்முகத்துக்குப் போய் வந்திருந்தாள். வியாழக்கிழமை பழைய கம்பெனியில் விசாரித்துவிட்டு அன்றைக்கே முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். இன்று வியாழக்கிழமை. விசாரிக்கிற போன் அவள் பையிலேயே இருக்கிறது. முறையை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். மூன்று வேலைக்கு நடுவில் புத்தி எங்கே நிற்கிறது? ஆபரேட்டர் அக்காவைக் கூப்பிட்டாள். அக்காவின் போன் அணைந்திருந்தது. அக்கா இப்போது ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். மாலை வரை அப்படித்தான்.

'கேட்டால், சம்பந்தப்பட்டவர் கூப்பிடுவார் என்று சொல்லிவிட்டு யாரிடமாவது போனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்' என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்பினாள். அந்த வேலை அவளுக்கு வேண்டும். சம்பளம் ஒன்றும் ஒசத்தி இல்லை. காலையில் ஒரு வாசலுக்குள் நுழைந்து, மாலையில் அதே வாசல் வழியாக வெளியே வருகிற வேலை அது. அதற்காகவே அவளுக்கு அது வேண்டியிருந்தது.

பத்தரை மணிக்குச் சலவைக் கடையில், ஒரு குவியல் சட்டைகளுக்கு நடுவில், போன் அடித்தது.

"ரெண்டு போன் வெச்சிருக்கிறவங்க எல்லாம் என் கடைக்கு வேலைக்கு வர்ற காலம்" என்றாள் முதலாளியம்மா, இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லேபிள் திரைக்குப் பின்னால் போனாள். "வணக்கம், பழைய ஆபீஸ் ரெக்கார்டு நாங்கதான் பார்க்கிறோம், சொல்லுங்க."

மருந்துக் கிடங்கிலிருந்து ஒரு பெண். இளங்குரல். 'சம்பந்தப்பட்டவர் கூப்பிடுவார்' என்று சொல்ல லேபிள் வாயெடுத்தாள். ஆனால் அந்தப் பெண் படித்த பெயர் அவள் பெயர் இல்லை. யாரோ ஓர் ஆணின் நீளமான பெயர். அது தராசின் பெயர் என்று விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. கம்பெனியில் லாரிகளை எடை போட்டு அனுப்பிய மனிதர். அவரை அந்தப் பெயரில் அவர் மனைவிகூடக் கூப்பிட்டிருப்பாளா என்பது சந்தேகம்.

"கிடங்குப் பொறுப்பாளர் வேலைக்குக் கேட்டிருக்கார்" என்றாள் அந்தப் பெண்.

ஒரே வேலை. ஒரே இடம். அதற்குத் தராசும் போட்டிருக்கிறார்.

லேபிள் நோட்டைப் புரட்டி, சேர்ந்த தேதியைச் சொன்னாள். விடுப்பு அதிகம் எடுத்ததில்லை என்றாள். எல்லாம் உள்ளது உள்ளபடி.

"ஆள் எப்படி, வேகமா வேலை பார்ப்பாரா?"

வேகமா? தராசு கேட்டைத் திறப்பதற்குள் முகச்சவரமே செய்துகொள்ளலாம் என்று லாரி டிரைவர்கள் சொல்வார்கள். லேபிள் வாயைத் திறந்தாள், மூடினாள். இரண்டு மூச்சு விடுகிற நேரம் போயிற்று.

"நல்ல மனுஷன்" என்றாள்.

"ம்." ஏதோ எழுதுகிற சத்தம். "சரிங்க, புரியுது." வைத்துவிட்டாள்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. தராசு நல்ல மனிதர்தான். ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டவளிடம் மனிதரைப் பற்றிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். லேபிள் சட்டைகளிடம் திரும்பினாள். பதினான்காம் எண் சட்டையில் நாற்பத்தொன்றைக் கட்டினாள். பிரித்தாள். திரும்பவும் நாற்பத்தொன்றையே கட்டினாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு இப்படி நடந்ததில்லை.

"உடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப துணிக்கு என்ன ஆச்சு?"

இரண்டரைக்கு வெளியே வந்தவள் நிறுத்தத்தில் நின்று முதல் பேருந்தை விட்டாள். இரண்டாவதையும் விட்டாள். உட்காரப் போனாள், உட்காரவில்லை. பையின் வாரை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். கடைசியில், வந்தது வரட்டும் என்று, கம்பெனி போனை எடுத்து, காலையில் மருந்துக் கிடங்கிலிருந்து வந்த எண்ணுக்கே கூப்பிட்டாள்.

"காலைல ஒருத்தரைப் பத்திக் கேட்டீங்களே, முழுசா சொல்லலை. அவர் மெதுவாத்தான் செய்வார். ஒவ்வொரு லோடையும் ரெண்டு தடவை எண்ணுவார். நாங்க எல்லாம் கிண்டல் பண்ணுவோம். ஆனா அவர் இருந்த ஒம்பது வருஷத்துல அவர் அனுப்பின ஒரு லோடுகூட தப்புன்னு திரும்பி வந்தது கிடையாது. மருந்துக்கு அப்படி ஆள்தானே வேணும்?"

சொல்லி முடித்ததும் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"இதைக் காலைலயே சொல்லியிருக்கலாமே" என்றாள் அந்தப் பெண். "நல்லவேளை கூப்பிட்டீங்க. உங்க கம்பெனியிலேர்ந்தே இன்னொருத்தரும் போட்டிருக்காங்க. ஒரு அம்மா. ஸ்டோர்ல இருந்தவங்க. லைன்லயே இருக்கீங்களே, அவங்களைப் பத்தியும் சொல்லிடுங்க."

பதில் வாய்க்கு எட்டிய தூரத்தில் இருந்தது. அந்த அம்மாவைப் பற்றி இந்த உலகத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

"அவங்ககூட வேலை பார்த்தவர் வேற ஒருத்தர்" என்றாள் லேபிள். "அவரே கூப்பிடுவார்."

"நாலு மணிக்குப் பெரியவர் மேஜையில பேப்பர் இருக்கணும். அதுக்குள்ள கூப்பிடச் சொல்லுங்க."

மணி இரண்டு ஐம்பது. கம்பெனி எண்ணிலிருந்து கூப்பிட்டால்தான் நம்புவார்கள், போனையும் நோட்டையும் யார் கையிலாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு பேரில் பக்கத்தில் இருப்பவர் யார் என்று விரல் விட்டு எண்ணினாள். ஒருத்தி பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள். இருவர் இரவு வேலை, இப்போது தூங்குவார்கள், வீடும் தூரம். எப்படி எண்ணினாலும் ஒரே ஆளிடம்தான் வந்து நின்றது. வணிக வளாகத்தின் அடித்தளத்தில் வண்டி நிறுத்துமிடம். அங்கே பகல் ஒன்றிலிருந்து ஏழு வரை தராசுக்கு வேலை.

பேருந்து வரக் காணோம். நடந்தாள். நடை ஓட்டமானது. சிவப்பு விளக்குகளில் நிற்கும்போதும் கால் நிலைகொள்ளவில்லை. வளாகத்தின் சரிவுப் பாதையில் இறங்கும்போது மூன்று முப்பத்தைந்து.

தராசு ஒரு வண்டியின் எண்ணை எழுதிவிட்டு, எழுதியதையும் வண்டியையும் மறுபடி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

"வாம்மா லேபிள். என்ன, போலீஸ் துரத்துதா?"

"அண்ணே, மருந்துக் கிடங்குக்குப் போட்டிருக்கீங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் போட்டிருக்கேன்."

தராசு சீட்டைக் கிழித்து வண்டிக்காரனிடம் கொடுத்தார். தடுப்புக் கம்பி உயர்ந்து தாழ்ந்தது.

"காலைல உங்களைப் பத்தி என்கிட்டக் கேட்டாங்க" என்றாள் அவள். "நான் சரியா சொல்லலை. அப்புறம் மனசு கேக்காம திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன்."

"முதல்ல என்ன சொன்னே?"

"நல்ல மனுஷன்னு."

"அடிப்பாவி. அதுக்கு என்னைத் திருடன்னே சொல்லியிருக்கலாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. நாலு மணிக்குள் யாராவது தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றாள். வேறு ஆள் இல்லை என்றாள். தராசு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். நோட்டில் அவள் பக்கத்தை எடுத்து, ஒரு முறை படித்து, இன்னொரு முறையும் படித்தார்.

"அண்ணே, மணி."

"இரும்மா."

பேசினார். தேதிகளைச் சொன்னார். வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றார். மறுமுனையில் என்னவோ கேட்டார்கள். தராசு அவளைப் பார்த்தார். காலையில் தான் விட்ட அந்த இரண்டு மூச்சை அவள் இப்போது எதிர்ப்பக்கம் நின்று எண்ணினாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார். "அவங்களுக்குத் தப்புன்னு பட்டா யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. ஒரு நாள் கிளம்பின லாரியை நிறுத்திட்டாங்க. டப்பாவுல தேதி மாறியிருக்குன்னு. முதலாளி வந்து சத்தம் போட்டும் விடலை. ரெண்டு மணி நேரம் நின்னுச்சு. எல்லாரும் திட்டினோம். நானும்தான் திட்டினேன்." கேட்டுக்கொண்டார். "ஆமாங்க. தேதி மாறித்தான் இருந்தது."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல பெரியவரே கூப்பிடுவாராம். எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவாராம்."

"பார்சல் கூடத்துல போனைப் பெட்டியில வெச்சுப் பூட்டிடுவாங்க அண்ணே."

"உன் போனை என்கிட்டக் குடுத்துட்டுப் போ. வந்தா எடுத்து, அவங்க வேலையில இருக்காங்க, சேர்ந்துக்கறாங்களாம்னு சொல்றேன்."

அவள் தன் போனை எடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு கணம் கையிலேயே வைத்திருந்தாள். தராசு அதைப் பார்த்தார், பார்க்காதது போல அடுத்த வண்டியின் எண்ணை எழுதினார். அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டுச் சரிவில் ஏறி ஓடினாள்.

பார்சல் கூடத்தில் கடிகாரம் கிடையாது. கண் அங்கே போனால் கை நிற்கிறது என்று கழற்றிவிட்டார்கள். பெட்டியை விரி, அடியை ஒட்டு, பொருளை வை, மேலே ஒட்டு, சீட்டை ஒட்டு, தள்ளு. எத்தனை பெட்டி ஆனால் ஐந்து மணி இருக்கும் என்று கணக்கு வைக்கப் பார்த்தாள். நூற்றுக்கு மேல் குழம்பிவிட்டது. லாரி விஷயத்தை அவர் சொல்லியிருக்க வேண்டாம் என்று ஒரு பெட்டிக்குத் தோன்றும். தேதி மாறித்தான் இருந்தது என்றாரே, அது போதும் என்று அடுத்த பெட்டிக்குத் தோன்றும். இரண்டாவது முறை கூப்பிடாமல் இருந்திருந்தால் என்று வேறொரு பெட்டிக்குத் தோன்றியது. அதை வேகமாக ஒட்டித் தள்ளினாள்.

ஏழரைக்கு வெளியே வந்தபோது தராசு கேட்டுக்கு எதிரில் சீருடையோடு நின்றிருந்தார். வளாகத்திலிருந்து அரை மணி நடை. போனைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். வந்து நிற்கிறார்.

"கூப்பிட்டாங்களா?"

"அஞ்சே முக்காலுக்கு."

"எந்த போன்ல?"

அவர் முதலில் அவள் போனை அவளிடம் நீட்டினார். "என்னுதுல" என்றார்.

லேபிள் போனை வாங்கிப் பையில் போட்டாள். ஜிப்பை மூடினாள். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அதைப் பின்னால் இழுத்து மறுபடி மூடினாள்.

"எப்ப சேரணும்?"

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு."

"நல்லது அண்ணே. இனிமே ரெண்டு தடவை எண்ணினா யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க."

"லாரியைப் பத்தி நான் சொல்லியிருக்க வேண்டாம்."

"நடந்ததைத்தானே சொன்னீங்க."

இருவரும் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். அவர் மெதுவாக நடந்தார். அவள் இரண்டு முறை முன்னால் போய்விட்டு, இரண்டு முறையும் நின்றாள். வீட்டில் கணவன் கேட்பான். என்ன சொல்வது? 'நானே என் வாயால் அந்த வேலையை இன்னொருத்தருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்' என்றால் சிரிப்பான். அப்புறம் தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பான். அந்தப் பேசாமல் இருப்பதுதான் கஷ்டம்.

"அண்ணே" என்றாள். "அப்ப திங்கக்கிழமைலேர்ந்து பார்க்கிங்ல ஆள் வேணுமே?"

"சூப்பர்வைசர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன். ஆள் இருக்கு, கொஞ்சம் பிடிவாதம், ஆனா நம்பர் மாறாதுன்னு சொன்னேன். நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வந்து பார்க்கச் சொன்னான்."

"பன்னெண்டுக்குச் சலவைக் கடையில இருப்பேன்."

"அதையும் சொன்னேன். பன்னெண்டுன்னா பன்னெண்டுதானாம்."

லேபிள் மனதுக்குள் மணிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஒன்றிலிருந்து ஏழு என்றால் பார்சல் கூடத்தை விட்டுவிடலாம். சலவைக் கடையைப் பன்னிரண்டோடு முடித்துக்கொள்ள, நாளைக்கு மட்டும் அதற்கும் முன்னால் கிளம்ப, முதலாளியம்மா சம்மதிக்க வேண்டும். இன்றைக்குக் கட்டிய நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு அப்புறம் சம்மதிப்பாளா? காலையில் கொஞ்சம் முன்னதாகப் போனால் கேட்டுப் பார்க்கலாம். அதற்குப் பல் மருத்துவமனையில் ஐந்தேகாலுக்கே தொடங்க வேண்டும். திருப்பத்தில் பேருந்தின் விளக்கு தெரிந்தது.

"நாளைக்குப் பார்க்கலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடினாள்.