துரையின் கோட்டு

1979ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முப்பத்தொன்றாம் நாள். தேயிலைத் தோட்டத்தில் ஆயுள் முழுதும் உழைத்து ஓய்வுபெற்ற கங்காணி ரெங்கசாமியின் குடும்பம், அன்று மாலைக்குள், தோட்டம் தொழிலாளருக்குக் கொடுக்கும் லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று நிர்வாகம் கட்டளையிட்டிருந்தது. இது அநியாயம், இதில் ஐயமில்லை. ஆனால் அந்த அநியாயத்துக்குக் கதவைத் திறந்துவிட்டவர் ரெங்கசாமியே.

தோட்டத்து வழக்கம் லயத்துக் குழந்தைக்கும் தெரியும். வீட்டில் ஒருவராவது காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்கு இறங்கினால் வீடு தங்கும், இல்லையேல் போகும். மகள் வடிவம்மாளுக்குக் கொழுந்து பறிக்க இரண்டு கைகள் இருந்தன. ரெங்கசாமிக்கோ தலைக்குள் ஒரு துரை இருந்தார். தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை, புறப்படும்போது தம் பழைய கம்பளிக் கோட்டை இவரிடம் கொடுத்து, "இந்த வீடு உனக்குத்தான்" என்று தோளில் தட்டினாராம். அன்றுமுதல் ரெங்கசாமி அந்தக் கோட்டுக்குள்ளேயே குடியிருந்தார். அது தோளின் இருபுறமும் தொங்கியது. அந்த அகலத்தைத் தம்முடையது என்றே எண்ணிக்கொண்டார்.

அன்று விடியலில், பனி விலகாத பெரட்டுக் களத்தில் வடிவம்மாள் கூடையை மாட்டிக்கொண்டு நின்றாள். பெயர் கூப்பிடும் கிராணி வேலப்பன் அவளை நெருங்குவதற்குள் ரெங்கசாமி வந்துவிட்டார்.

"கங்காணி மக கூடையத் தூக்குறதா? எறக்குடி."

"ராத்திரி எங்க போய்ப் படுக்கிறது அப்பா? ஒங்க கோட்டுக்குள்ளயா?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"இன்னிக்கு என் தொர பங்களாவப் பாக்க வர்றாரு. அவரு ஒரு வார்த்த சொன்னா, புது மேனேஜர் நடுங்கிடுவான்."

"கங்காணி, அவரு இப்ப வெறும் டூரிஸ்ட்லா," என்றார் வேலப்பன். "புள்ள பேரச் சேத்துக்கிறேன். தலைய மட்டும் ஆட்டிட்டுப் போங்க."

ரெங்கசாமி தலையை ஆட்டவில்லை. தகப்பன் சம்மதமின்றிப் பெண்ணின் பெயரைச் சேர்க்க வேலப்பனுக்கும் துணிவில்லை. கூடை கீழே இறங்கியது.

நண்பகலில் துரை வாடகைக் காரில் மனைவியோடு வந்தார். பங்களா வாசலில் நின்ற ரெங்கசாமியைக் கண்டதும் கோட்டின் பொத்தானைப் பிடித்துப் பார்த்தார். "ஏய், இது நம்ம கோட்டு!" என்று மனைவிக்குக் காட்டிச் சிரித்தார். பிறகு, "நீ... ராமையா?" என்றார். வீட்டைப் பற்றிய வாக்கியம் ரெங்கசாமியின் நாவில் ஆயத்தமாக இருந்தது. அதற்குள் துரை கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் தள்ளு. மலை தெரியல்லே."

ரெங்கசாமி தள்ளி நின்று சலாம் வைத்தார். கார் போய்விட்டது.

மாலை மழையில் அண்டாவும் பாயும் லாரியில் ஏறின. இன்னும் பங்களா வாசலிலேயே நின்ற ரெங்கசாமியை ஏற்றிக்கொள்ள லாரி அங்கே நின்றது.

"வீட்டப் பத்திக் கேட்டீங்களா?" என்றாள் மனைவி பாஞ்சாலை.

"கேக்கணுமா? கோட்டப் பாத்ததும் அடையாளம் கண்டுக்கிட்டாரு. திரும்பி வருவாரு, பாரு."

லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். கீழே ரிங்லெட் ஊரில் தெரிந்தவர் வீட்டுக் கொட்டகை ஒன்று இரவல் கிடைத்திருந்தது. ரெங்கசாமி ஏறவில்லை. கார் சென்ற வளைவைப் பார்த்தபடி, விரல்களை மூடிய நீண்ட கோட்டுக்கையைச் சலாமிட்டபடி நெற்றிக்கு அருகிலேயே வைத்திருந்தார். மேலே, மூட்டைகளின் நடுவே, மெல்லிய தாவணியோடு வடிவம்மாள் நனைந்துகொண்டிருந்தாள்.

வாசகரே, இரக்கப்பட்டு அவருக்குக் குடை பிடிக்காதீர். முதலில் அந்தக் கோட்டைக் கழற்றி, லாரியின்மேல் நடுங்கும் அந்தப் பெண்ணுக்குப் போர்த்தும்.