தோல் மலை ஒட்டிய மத்தியானம்

கவுஸ் பாஷாவுக்கு மூக்கு செத்துப் பல வருஷமாகிறது, கண்ணுகளா. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக்கும் சாயத்துக்கும் நடுவே ஆயுசைக் கழித்தவர். பிரியாணி தம் உடைத்தால்கூட ஆவியைக் கண்ணால் பார்த்துத்தான் சந்தோஷப்படுவார். அவர் மனைவி முபஷ்ஷிரா ஷூ கம்பெனியில் தோல் ஒட்டும் பிரிவில் இருந்தவள். இரண்டு பேருக்கும் பிள்ளை இல்லை. ஒரு ரயில் இருந்தது.

நிஜ ரயில் இல்லை. கட்டில் அகலப் பலகையில் கையடக்க இன்ஜின், தீப்பெட்டி அட்டையில் மேல்பட்டி, குடியாத்தம், லத்தேரி ஸ்டேஷன்கள், கழிவுத் தோலை அடுக்கி ஒட்டிய ஒரு மலை. காட்பாடிக்கு வீடு மாறினபோது மினி லாரி குலுக்கிய குலுக்கலில் அந்த மலை இரண்டாகப் பிளந்தது.

கீழ்வீட்டு ஓனர் பஞ்சாட்சரம் சாவி கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: "மத்தது இன்னா வேணா பண்ணிக்கோங்கம்மா. நாத்தம் மட்டும் ஆவாது. என் சம்சாரத்துக்கு மூச்சு எளைப்பு."

அதனால் முபஷ்ஷிரா ஜன்னல்களை எல்லாம் சாத்தினாள். கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்தாள். பிறகுதான் தோல் ஒட்டும் சொல்யூஷன் டின்னைத் திறந்தாள். முதலில் ஜன்னலைத் திற, அப்புறம் டின்னைத் திற என்று கம்பெனிக்குப் புதுசாக வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் அந்தப் புத்தியைத் தின்றுவிட்டது.

மலை ஒட்டியாயிற்று. நழுவியிருந்த ஒயரைச் சேர்க்கப் பலகைக்கு அடியில் போய்ப் படுத்தாள். சொல்யூஷன் ஆவி மேலே போகாது, தரையோடு தரையாகத் தேங்கும். தலை கிறுகிறுத்தது. நாக்கு தடித்தது. எழுந்திருக்கலாம் என்று நினைத்தாள், முழங்கால் கேட்கவில்லை.

கதவு திறந்து மூடியது. கவுஸ் பாஷாவின் பாதங்கள் தெரிந்தன.

"அட, மலை நின்னுடுச்சே! ஒரு ரவுண்டு உட்டுப் பாக்கட்டுமா, முபி?"

பாதங்கள் சுவிட்சுப் பக்கம் நடந்தன. காலையில் அதே சுவிட்சைப் போட்டபோது உள்ளே நீலமாய் ஒரு பொறி பறந்ததை அவள் பார்த்திருந்தாள். அந்த ஒரு பொறி இப்போது போதும், அறையே பற்றிக்கொள்ளும். அவருக்குத்தான் எந்த நெடியும் தெரியாதே!

"வேணாம்" என்றாள். சத்தம் உதட்டைத் தாண்டவில்லை.

அவர் குதிகால் எழும்பியது. சுவிட்சு உயரத்தில் இருந்தது.

எதை விட்டாலும் ரயிலை விடாத மனுஷன் அவர். முபஷ்ஷிரா இருந்த பலத்தையெல்லாம் காலுக்குக் கொண்டுவந்து பலகையைத் தாங்கிய ஸ்டாண்டை உதைத்தாள்.

பலகை சரிந்தது. "யா அல்லா!" என்று பாய்ந்து வந்து நெஞ்சால் தாங்கினார். மலை உருண்டது. இன்ஜின் அவள் காதோரம் விழுந்தது.

"பைத்தியமாடி உனக்கு!"

"சுவிட்சு... தொடாதீங்க. ரூம் பூரா சொல்யூஷன்..."

அவர் பலகையைப் போட்டுவிட்டு அவளை அக்குளில் பிடித்து மாடிப்படி வரை இழுத்துப் போனார். ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்தார்.

சத்தம் கேட்டு ஏறி வந்த பஞ்சாட்சரம் பாதிப் படியிலேயே நின்றார். "இன்னா பாய், பெட்ரோல் பங்க் மாதிரி அடிக்குது!" சட்டென்று திரும்பிக் கீழே இருந்த மனைவிக்குக் கத்தினார்: "சம்பூர்ணம்! வாசலுக்கு வா! எதையும் தொடாத!"

"நாத்தம் கீழ வரக்கூடாதுன்னுதான் மூடினேன், ஓனரய்யா" என்றாள் முபஷ்ஷிரா.

ஓனர் படியில் உட்கார்ந்துவிட்டார். "நாத்தம் வந்தா நாலு கத்து கத்திட்டுப் போறேன்மா. உசுரு போனா? இனிமே மொட்டமாடில வச்சு ஒட்டு."

சாயங்காலம் அறையில் கீழ்வீட்டுச் சாம்பிராணி மணந்தது. சொல்யூஷன் நெடி துளியும் இல்லை.

"போய்ட்டுச்சா, முபி?" அவள் மூக்கைத்தான் அவர் நம்ப வேண்டும். "லைட்டாவது போடட்டுமா?"

"இல்லீங்க. இன்னும் இருக்குது."

அவர் அந்தப் பொய்யை நம்பி, சுவிட்சைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டார். இருட்டிக்கொண்டு வந்தது. முபஷ்ஷிரா அவர் சட்டை நுனியை விடவே இல்லை.