கொதித்து ஆறிய தண்ணீர்

அடுப்பில் பெரிய பாத்திரம் கொதிக்கத் தொடங்கியபோதுதான் மகளுக்கு அந்த வாசனை தட்டுப்பட்டது. லேசாக இனித்து, மூக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிற வாசனை. முன்னறையில் அப்பாவின் உடலைக் கிடத்தி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"வெந்நீர்தான் வேணும்டி. பச்சத் தண்ணி ஊத்தினா அவருக்கு ஆகாது" என்றாள் அம்மா. இனிமேல் ஆகாமல் போவதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை.

"அம்மா, இது என்ன வாசனை?"

"உங்கப்பா வாசனைதான். முப்பது வருஷமா இந்த வீட்டுல இருக்கறது. உனக்கென்ன புதுசா?"

பொய்யில்லை. இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ, பக்கத்துத் தொழிற்சாலைக்கு குளோரின் கலந்த கரைப்பான் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கும். அது தண்ணீரில் எவ்வளவு கரையும், பத்து டிகிரியில் எவ்வளவு, முப்பதில் எவ்வளவு, ஐம்பதில் எவ்வளவு என்று மூடிய புட்டிகளில் அளப்பதுதான் அப்பாவின் வேலை; அதன் வாசனை அவர் சட்டையோடு வீட்டுக்கும் வரும். பத்திலிருந்து முப்பது வரை குறைந்துகொண்டே வரும் கணக்கு, அதற்குமேல் மறுபடி ஏறும். "இதுக்கும் உங்கம்மாவுக்கும் ஒரே குணம். எப்ப இறங்கும், எப்ப ஏறும்னு சொல்ல முடியாது" என்பார். படிக்கிற காலத்தில் அவர் சொல்லச் சொல்ல அந்த எண்களை எழுதியவள் மகள்.

ஆனால் கல்லீரல் கெட்டுப் படுத்த பின் அவர் ஆய்வுக்கூடத்துக்குப் போய் ஏழு மாதமாயிற்று. சட்டைகளெல்லாம் துவைத்து மடித்து அலமாரியில் கிடந்தன.

மகள் பாத்திரத்தின்மேல் குனிந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. வாசனை அங்கிருந்துதான் வந்தது. குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. "பச்சத் தண்ணில பூனை மாதிரி பதுங்கிக் கெடக்கும். மூடியத் தொறந்து சூடு காட்டு, எடுக்கும் பாரு ஓட்டம்" என்று அப்பா சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

போன வருஷம் தொழிற்சாலைச் சுவரை ஒட்டி மண்ணில் ஏதோ கசிகிறது என்று பேச்சுக் கிளம்பியது. தெருவுக்கே இருந்தது ஒரு ஆழ்குழாய்க் கிணறுதான்; எல்லா வீட்டுக் குழாயிலும் வருவது அதன் தண்ணீர். சோதித்துச் சொல்லுங்கள் என்று ஜனங்கள் அப்பாவிடம் வந்து நின்றார்கள். அவர் ஜுரத்தில் கிடந்தார். புட்டியை அம்மாவிடம் கொடுத்து, காற்று இல்லாமல் விளிம்புவரை நிரப்பி இறுக மூடச் சொன்னார். மறுநாள் தள்ளாடிக்கொண்டே போய் அளந்தார். கரைப்பான் துளியும் இல்லை என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மகளும் அந்த வாரம் இங்கேதான் இருந்தாள்.

"அம்மா, அன்னைக்கு அந்தப் பாட்டில்ல எந்தத் தண்ணிய ஊத்தினே?"

"கொதிக்க வெச்சு ஆற வெச்சதுதான். ஆபீஸ்ல நாலு பேர் பாக்கற தண்ணியாச்சே! குழாய்ல வர்றத அப்படியே குடுத்தா உங்கப்பா மானம் என்னாகறது?" சொல்லிவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். "ஏன்டி?"

கொதித்தபோதே கரைப்பான் ஆவியோடு போயிருக்கும்; புட்டியில் அப்பா அளக்க எதுவும் மிஞ்சியிருக்காது. சொன்னால் இந்த அடுப்படியிலேயே அம்மா உடைந்துபோவாள். ஊரே காலமெல்லாம் அப்பாவின் கையெழுத்தின்மேல் காறித் துப்பும். பத்து நாள் போகட்டும், கூட்டம் கலையட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். அப்படி நினைத்ததற்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

முன்னறைக்கு வந்தாள். எதிர்வீட்டு டெய்லர் குழாயில் பிடித்து வந்த தண்ணீரை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அவர் சொன்னப்புறம்தான் நாங்க கேன் தண்ணி வாங்கறதையே விட்டோம். மனுஷன் வாக்குன்னா வாக்கு" என்று யாரிடமோ சொன்னபடி, நாற்காலியில் எட்டு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த தன் பெண்ணிடம் டம்ளரை நீட்டினார். அவள் வாங்கி வாயில் வைத்தாள்.

"குடிக்காதம்மா!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"யாரும் குடிக்காதீங்க. தண்ணில ஃபேக்டரி கெமிக்கல் கலந்திருக்கு."

"என்னம்மா சொல்றே? உங்கப்பாதானே டெஸ்ட் பண்ணிட்டு நல்ல தண்ணின்னாரு?" என்றார் டெய்லர்.

"அப்பா சரியாத்தான் அளந்தார். பாட்டில்ல பிடிச்சுக் குடுத்தது நான். தெரியாம காய்ச்சின தண்ணியக் குடுத்துட்டேன். தப்பு என்னுது."

அடுப்படி வாசலில் அம்மா வெந்நீர்ப் பாத்திரத்தைத் துணியால் பிடித்தபடி நின்றிருந்தாள். மகளையே பார்த்தாள். பிறகு ஆவி பறக்கும் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"அப்போ இவர எதுல குளிப்பாட்டறது?"

டெய்லர் தன் பெண்ணின் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். அதில் பாதிதான் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்தபடியே நின்றார்.