பூஜ்யப் பிழை விழா

சேர்மன் பேச ஆரம்பித்தால் மைக்குக்கே வேர்த்துவிடும். அன்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பேனர்: ‘பிழைகள் பூஜ்யம்! உலகத் தரம்!’ அதில் சேர்மனின் படம் கதவளவு. மருந்து ஏற்றும் கருவியின் படம் தீப்பெட்டி அளவு. கம்பெனி செய்வது அந்தக் கருவியைத்தான். நோயாளியின் நரம்புக்குள் சொட்டுச்சொட்டாக மருந்தைச் செலுத்தும். வெள்ளிக்கிழமை அது ஆஸ்பத்திரிக்குப் போகிறது.

பேனருக்குக் காரணமானவள் கடைசி வரிசையில் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். சேர்மனின் அண்ணன் மகள். கருவிக்குள் ஓடும் புரோகிராம், வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்காமல் விழுங்குகிறதா என்று பார்க்க ஒரு டூல் உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம், இலவசம். ஆனால் வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக எழுதப்பட்டது. அதைக் கருவியின் சிஸ்டத்துக்கு மாற்றுவது அவள் வேலை. ஐந்து மாதம் முட்டி மோதியபின் முந்தாநாள்தான் அது எழுந்து நின்றது. நின்றதும் ஒரே வரி சொன்னது: பிழைகள் 0.

ஆபீஸில் அவள் பக்கத்து நாற்காலிக்காரர் அந்த வரியைப் படம் பிடித்து மேனேஜருக்கு அனுப்பினார். மாடி ஏற ஏற அது உப்பி, பேனராக இறங்கி வந்தது.

அவளுக்குத்தான் உறுத்தல். விழாவன்று காலையில் ஏழு வரியில் ஒரு அயோக்கியப் புரோகிராம் எழுதினாள்: ஆயிரம் தடவை மெமரி வாங்கும், ஒரு தடவைகூடத் திருப்பித் தராது. டூல் அதற்கும் பூஜ்யம் என்றது. புதிய சிஸ்டத்தில் மெமரி வாங்கப் போகும் வாசல் வேறு. டூல் பழைய வாசலில் விறைப்பாகக் காவல் நின்றது. அந்தப் பக்கம் ஆளே வராதபோது திருடன் மட்டும் எப்படி வருவான்?

விழா முடிந்ததும் சேர்மன் அறைக்குப் போனாள்.

“சித்தப்பா, அந்தப் பூஜ்யம் பொய்.”

“ஆபீஸ்ல சார்னு கூப்பிடு.”

“சார், அந்தப் பூஜ்யம் பொய். டூலுக்குக் கண்ணு தெரியல.”

“எல்லாரும் கைதட்டியாச்சும்மா!”

“கைதட்டினா கண்ணு வந்துடுமா?”

இரண்டு நாளில் டூலைச் சரியான வாசலுக்கு நகர்த்தினாள். இப்போது ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பிழைகள். அதில் ஒன்று, கருவி மருந்தின் அளவைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெமரியை விழுங்கியது. கணக்குப் போட்டுப் பார்த்தாள்: பதினோராம் நாள் மெமரி தீர்ந்து கருவி நின்றுவிடும். நரம்பில் ஊசி இருக்கும், மருந்து இறங்காது.

வியாழக்கிழமை சேர்மனே அவள் மேஜைக்கு வந்தார். பின்னால் மேனேஜர், தலையாட்டத் தயாராக.

“இதையெல்லாம் கண்டுக்காதேன்னு டூலுக்கு ஒரு லிஸ்ட் கொடுக்கலாமாமே?”

“கொடுக்கலாம். கெடுதல் இல்லாததுக்கு மட்டும்.”

“எல்லாத்தையும் அதுல போடு.”

“போடமாட்டேன்.”

மேனேஜரின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது.

“உங்கப்பாகிட்ட சொல்லிடுவேன்!”

“சொல்லுங்க. எனக்கு முப்பத்தொன்பது வயசு சித்தப்பா, திட்டு வாங்கிப்பேன்.”

“சார்னு...”

“பதினோராம் நாள் நிக்கப்போற மிஷினை அனுப்பற ஆளை சார்னு கூப்பிட வரலை. டூலை நேத்தே எல்லாரும் எடுத்துக்கற மாதிரி வெளியிட்டாச்சு. ரிப்போர்ட்டும் ஆஸ்பத்திரி இன்ஜினியருக்குப் போயாச்சு. முழு நம்பரோட.”

“யாரைக் கேட்டு?”

“டெஸ்ட் ரிப்போர்ட் அனுப்பறது என் வேலை. பேனர்தான் உங்க வேலை.”

“உன் அடையாள அட்டையைக் கழட்டி வை!”

கழற்றி வைத்தாள். பையில் தண்ணீர் பாட்டிலையும் போட்டுக்கொண்டாள். அதற்குள் சேர்மனின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி இன்ஜினியர். குரல் கூடம் முழுக்கக் கேட்டது: “ரிப்போர்ட் எழுதினவங்ககிட்ட கொடுங்க. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் மிஷின் உள்ளே வரும்.”

சேர்மன் போனை, சூடான பாத்திரம்போல, இரண்டு விரலால் நீட்டினார்.

“சரிபண்ண எவ்வளவு நாள் ஆகும்மா?” என்றது போன்.

“ஆறு வாரம்...”

சேர்மன் கண்ணை உருட்டி, இரண்டே வாரம் என்று இரண்டு விரலைக் காட்டினார்.

“மன்னிக்கணும் சார், எட்டு வாரம்,” என்றாள் அவள் போனில்.

சேர்மன் அவசரமாக விரலை மடக்கிக்கொண்டார்.