உடைந்த உருண்டைகள்

மாமியாருக்கு இதய ஆபரேஷன் நடந்துகொண்டிருந்த அந்தக் காலையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று பேர் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்று கணவன்தான் அவளையும் தன் தங்கையையும் வேலைக்கு விரட்டியிருந்தான். பேட்டரி மின்முனைகளுக்கான பொடி தயாரிக்கும் கூடம் அது. நாத்தனார் உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வாள். அதில் விழும் பொடியை இவள் மைக்ரோஸ்கோப்பில் சோதிப்பாள்.

போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாத்தனாரோ அசையாமல் நின்றாள். கரைசல் மெல்லிய முனை வழியே பனிமூட்டமாய்ச் சீறி, சூடான காற்றில் விழுகிற வழியிலேயே காய்ந்து, ஜாடியில் பொடியாகச் சேர்ந்துகொண்டிருந்தது. எதற்கும் பதறாத நாத்தனாருக்கு அங்கே ஐஸ்கட்டி என்று பெயர். பெற்றவள் ஆபரேஷன் மேஜையில் கிடக்கும்போதுமா என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதிதாக எடுத்த பொடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். முழு உருண்டைகளாக இருக்கவேண்டியவை பாதிக்குமேல் வெடித்து வெறும் கூடாகக் கிடந்தன. காற்று அளவுமீறிச் சூடானால் துளியின் மேல்தோல் முந்தி இறுகிவிடும். உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகி அதை உடைத்துக்கொண்டு வரும்.

நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று எழுந்து போனாள். கிட்டே போன பிறகுதான் நாத்தனாரின் கை தெரிந்தது. சூட்டைக் கூட்டும் குமிழைத் திருப்பியது, குறைத்தது, மறுபடி கூட்டியது. கண் அங்கே இல்லவே இல்லை.

"என்னம்மா பண்றே?"

நாத்தனார் தன் கையை யாருடையதோ போலப் பார்த்தாள்.

"தெரியலை அண்ணி. சும்மா நிக்க முடியலை."

திட்ட வந்தவள் அவள் கையைக் குமிழிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள். முனை அடைத்துக்கொள்ளாமலிருக்கக் கரைசல் குழாயைத் தண்ணீருக்கு மாற்றினாள். ஹீட்டரை அணைத்தாள். மேலாளரிடம் போய், பொடி வீணாகிவிட்டது, நாங்கள் இரண்டு பேரும் கிளம்புகிறோம் என்றாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. விஷயம் தெரிந்ததும், இயந்திரம் ஆறும்வரை தானே நிற்பதாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

பஸ்ஸில் நாத்தனார் வழியெல்லாம் அழுதாள். இவள் அவளைத் தோளோடு சாய்த்துக்கொண்டாள். போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. கண் விழிக்கும்வரை எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏன் வந்தீர்கள் என்று கணவன் கேட்கவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான்.

மறுநாள் மாமியார் விழித்தாள். தொண்டைக் குழாயை எடுத்ததும், இரண்டு பேருக்கும் இன்றைக்கு வேலை இல்லையா என்றுதான் முதலில் கேட்டாள்.