லிஃப்ட் பேயும் பிரிக்காத பதினாறு பக்கமும்

பள்ளி நூலகத்தில் இருக்கும் அந்தம்மாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கண்ணாடியக்கா. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி, மேஜை டிராயரில் தேடுவது மூன்றாவதை. கண்ணாடி தொலையும், நாக்கு மட்டும் தொலையாது. யாராயிருந்தாலும் பட்டென்று பதில் சொல்லிவிடுவாள். அதனாலேயே அவள் மேல் கடுப்பில் இருந்தவர்களுக்கு இந்த வருஷம் நல்ல சாக்கு கிடைத்தது.

சாக்கு ஒரு பேய்க் காதல் நாவல். பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டில் குடியிருக்கும் ஒரு பேய்ப் பையனைப் பதினேழு வயசுப் பெண் காதலிக்கிறாள். "நீயும் செத்து என்கூட வந்துடு" என்று அவன் கூப்பிட, அவள் மொட்டை மாடி விளிம்பு வரைக்கும் போகிறாள். கண்ணாடியக்கா அதில் இரண்டு பிரதி வாங்கிப் போட்டிருந்தாள். யாரோ ஒரு பெற்றோர் புகார் எழுதினார்கள். பிரின்சிபால் உடனே ஐந்து பேர் கொண்ட குழு போட்டுவிட்டார். அந்தப் பள்ளியில் குழாய் ஒழுகினாலும் குழுதான்.

புத்தகக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே பிரதி கைமாறிக் கைமாறிப் போகும். பின்னட்டையின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். இடது பக்கம் நிறை, வலது பக்கம் குறை, அடியில் 'முழுவதும் படித்தேன்' என்று கையெழுத்து. குறை கூடினால் புத்தகம் வெளியே. இந்தத் தடவை அதோடு போகாது என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். புத்தகம் தோற்றால் இனி குழு தலையாட்டாமல் ஒரு காகிதம்கூட நூலகத்துக்குள் வராது.

கண்ணாடியக்காவும் தன் பங்குக்கு ஒரு தாள் எழுதிப் பிரின்சிபாலிடம் கொடுத்திருந்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. பேய் செத்து எண்பது வருஷம் ஆகிறது, ஆனால் பேச்சு மட்டும் பக்கத்து வகுப்புப் பையன் பேச்சு. பக்கத்துக்கு நாலு தடவை அவன் கண் மின்னுகிறது. கண்ணா, டார்ச் லைட்டா? பெண்ணுக்கு நாற்பது பக்கமாகப் பரீட்சை ஞாபகமே இல்லை. இப்படிப் பதினெட்டு குறை. நிறை நாலே நாலு. அதில் நாலாவதுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்: 'கடைசி அத்தியாயம்.'

அந்த இரண்டு கோட்டுக்குக் காரணம் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. போன வாரம் அதே புத்தகத்தை மூன்றாவது தடவையாகப் புதுப்பிக்க வந்தாள்.

"ஏன்டி, மனப்பாடம் பண்ணப் போறியா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தன் தினமும் மெசேஜ் போடுவான் அக்கா, நீ என்கூட வரலைன்னா செத்துடுவேன்னு. கடைசியில அவ பேய்கிட்ட சொல்றா பாருங்க, அதை அப்படியே டைப் பண்ணி அனுப்பிட்டு பிளாக் பண்ணிட்டேன்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன். ஆனா அப்பப்ப பயமா இருக்கு. அப்போ எடுத்துப் படிச்சுக்குவேன்."

கண்ணாடியக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

கூட்டத்தன்று காலையில் குழுவின் பிரதி அவள் மேஜைக்கு வந்தது, இரண்டு பிரதியையும் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் துண்டுச்சீட்டோடு. பழக்கதோஷத்தில் கடைசிப் பக்கங்களைத் தள்ளிப் பார்த்தாள். தள்ள வரவில்லை. பைண்டிங்கில் தாள் உள்ளே தள்ளி மடிந்து, வெட்டுக் கத்தி எட்டாமல், கடைசிப் பதினாறு பக்கமும் ஓரம் வெட்டுப்படாமல் ஒட்டியே கிடந்தன. அவள் படித்திருந்தது மற்றப் பிரதியை. பின்னட்டையைத் திருப்பினாள். 'முழுவதும் படித்தேன்.' ஐந்து கையெழுத்து, அதில் ஒன்று அடிக்கோட்டோடு.

"அடப்பாவிகளா!" என்றாள் வாய்விட்டே.

கூட்டத்தில் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர்தான் வெளுத்து வாங்கினார். "காதலுக்காகச் சாகுறதைப் பெருமையாச் சொல்ற புத்தகம், சார்."

"கடைசியில அவ என்ன பண்றா சார்?" என்று கண்ணாடியக்கா மெதுவாகக் கேட்டாள்.

"குதிச்சிடுறா. அதானே பிரச்சினை!"

"குதிச்சு, பேயா மாறி, அவன்கூடவே லிஃப்ட்ல இருந்துடுறா," என்று குழுவிலிருந்த பல் டாக்டரம்மா கூடுதலாக ஒரு முடிவே எழுதிக் கொடுத்தாள். மற்ற மூன்று பேரும் ஆமாம் போட்டார்கள்.

கண்ணாடியக்கா புத்தகத்தை மேஜை நடுவில் வைத்தாள். இரும்பு ஸ்கேலை எடுத்து, ஒட்டியிருந்த தாளுக்குள் நுழைத்து, ஓரத்தை ஒவ்வொன்றாகக் கிழித்துப் பிரித்தாள். அறையில் அந்தச் சத்தம் மட்டும்தான். எஞ்சினியர் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து நின்று படித்தாள்:

"'நீ செத்துட்ட, பாவம்தான். அதுக்கு நான் ஏன்டா சாகணும்? எனக்கு நாளைக்குப் பரீட்சை இருக்கு. தள்ளு, நான் கீழே போகணும்.'"

பிரின்சிபால்தான் தொண்டையைச் செருமினார். "சரிம்மா. இருந்தாலும் எழுத்து மோசம்னு நீங்களே பதினெட்டு குறை எழுதியிருக்கீங்களே?"

"மோசம்தான் சார். அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு, நான் படிச்சேன். மோசமா எழுதின புத்தகம் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கு. அது யாருக்குன்னு மட்டும் கேட்காதீங்க."

"இன்னொரு பிரதி எங்கே?"

"ஒரு பிள்ளைகிட்ட இருக்கு."

"எந்தப் பிள்ளை?"

"சொல்ல மாட்டேன் சார். வேலையை விட்டு அனுப்பினாலும் சொல்ல மாட்டேன்."

பின்னட்டைத் தாளைச் சர்ரென்று உரித்து ஐந்து பேர் முன்னாலும் போட்டாள். புதுத் தாள் ஒன்றை ஒட்டி, புத்தகத்தை எஞ்சினியர் பக்கம் நகர்த்தினாள். "இப்போ படிங்க. வழி திறந்தாச்சு." அவர் வாங்கிக்கொண்டார். குழு படித்து முடிக்கும்வரை நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்பதில் யாரும் தலையிடக் கூடாது என்று பிரின்சிபால் குறிப்பெழுதினார்.

நூலகத்துக்குத் திரும்பியதும் அவள் அந்தப் பெண்ணின் அட்டையை எடுத்தாள். திருப்பித் தர வேண்டிய தேதியை அடித்துவிட்டு, அவள் பள்ளியை விட்டுப் போகும் கடைசி நாளை எழுதினாள்.